நால்வர் கிரைண்டர் கடை தீவுக்குப் போன கதை

செம்புலிப்பட்டியில் நாலு பேர் கூட்டாகச் சேர்ந்து ஒரு கிரைண்டர் கடை வைத்திருந்தார்கள். கடைக்குப் பெயர் நால்வர் கிரைண்டர் ஸ்டோர். தவசிலிங்கம், சீனியப்பன், மாயழகு, பெரியகருப்பு என்ற அந்த நாலு பேரும் தங்கமானவர்கள். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்கள். நினைக்கிற வேலையையே அவர்கள் அதிகம் வைத்துக்கொள்வதில்லை.

நாலு பேரில் விவரமானவர் தவசிலிங்கம். அப்படிச் சொன்னது தவசிலிங்கம்தான். மற்ற மூவரும் அதை மறுத்துப் பேசியதில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்குச் சரக்கு கேட்டுக் கம்பெனிக்குப் போன் போட வேண்டியிருந்தது. மறந்துவிடக் கூடாது என்று நாலு பேரும் தனித்தனியாகப் போன் போட்டு ஒரே ஆர்டரை நாலு தடவை கொடுத்தார்கள். லாரிகள் வந்தன. கடைக்குள் கிரைண்டர்கள் இருந்தன, கடைக்காரர்கள் தெருவில் இருந்தார்கள். ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு கிரைண்டர் என்ற நிலைமை மாறி, ஒரு நபருக்கு ஒன்று என்று விற்றுத் தீர்க்க வேண்டியதாயிற்று.

கம்பெனிக்காரர்களுக்கு இந்த விவரம் தெரியாது. இவ்வளவு சரக்கு எடுத்த கடை தெற்கே வேறு இல்லை என்று மட்டும் தெரிந்தது. சிறந்த விற்பனையாளர் பரிசு என்று அறிவித்தார்கள். அந்தமானில் ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு குட்டித் தீவு. அங்கே கூடாரம் போட்டுத் தங்கி, மறுநாள் காட்டுக்குள் நடந்து போய் மலையுச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். கூட ஒரு வழிகாட்டி வருவார்.

கிளம்புவதற்கு முன்னால் அந்த வழிகாட்டியே போன் செய்தார். பெயர் ஞானதுரை. போர்ட் பிளேரில் பிறந்து வளர்ந்த தமிழர்.

"அண்ணே, தீவுல எல்லாத்தையும் நாமளேதான் சுமந்துட்டு நடக்கணும். அதனால லக்கேஜ் மட்டும் லைட்டா இருக்கட்டும்" என்றார்.

தவசிலிங்கம் போனை வைத்துவிட்டு மற்றவர்களிடம் சொன்னார். "லக்கேஜ் லைட்டா இருக்கணுமாம்."

"துணிமணி?" என்றார் சீனியப்பன்.

"அதைப் பத்திப் பேச்சே இல்ல. லைட்டு மட்டும்தான்."

"காடு பாரு. இருட்டா இருக்கும்" என்றார் பெரியகருப்பு.

ஆக, மாயழகு நாலு டியூப் லைட்டைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டார். சீனியப்பன் ஒரு பை நிறைய பல்பு. பெரியகருப்பு, பந்தல்காரரிடம் சொல்லி, கல்யாண வீட்டு முகப்பில் தொங்கவிடுகிற சீரியல் செட்டைத் தோளில் மாட்டிக்கொண்டார். தவசிலிங்கம் விவரமானவர் என்பதால் கூடவே சுவிட்சையும் எடுத்துக்கொண்டார். விமான நிலையத்தில் பைகளைத் திறந்து பார்த்தவர்கள், எங்கேயோ கல்யாண வேலைக்குப் போகிறார்கள்போல என்று விட்டுவிட்டார்கள்.

போர்ட் பிளேர் படகுத்துறையில் ஞானதுரை அந்தச் சாமான்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் முதலாளி ரோஸ்லின் அம்மாவைப் பார்த்தார். முகாம் நடத்துகிற தொழில் அந்த அம்மாவுடையது. அவர் ஞானதுரையைத் தள்ளிக்கொண்டு போய்ப் பேசியது தவசிலிங்கத்தின் காதில் விழுந்தது.

"இத்தனை நாளா இன்னொருத்தர் பின்னாடி போனே. இப்போதான் முதல் தடவை தனியாப் போறே. இவங்களை நல்லபடியாக் கூட்டிட்டு வந்து சேர்த்தா உனக்கு வேலை நிரந்தரம். இல்லைன்னா நான் வேற ஆளைப் பார்க்கணும்."

தவசிலிங்கத்துக்கு மனசு இளகிவிட்டது. படகில் ஏறியதும் மூவரையும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்தார். "இந்தத் தம்பி பிழைப்பு நம்ம கையில இருக்கு. அவர் வாயிலேருந்து என்ன வருதோ, அதை ஒரு எழுத்துக்கூடப் பிசகாமச் செய்யணும். சொந்த யோசனை யாரும் பண்ணக் கூடாது."

மூவரும் சத்தியம் செய்தார்கள். அவர்களுக்கு அது ஒன்றும் கஷ்டமான சத்தியம் இல்லை.

தீவில் இறங்கினார்கள். வெள்ளை மணல், அதற்குப் பின்னால் வானத்தை மறைக்கிற மரங்கள். படகுக்காரர் மறுநாள் மத்தியானம் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். ஞானதுரை ஒரு துணி மூட்டையையும் கம்பிகளையும் மணலில் வைத்தார். "நான் ஊத்துல போய்த் தண்ணி எடுத்துட்டு வர்றேன். அதுக்குள்ள நீங்க இந்தக் கூடாரத்தை அடிச்சு வையுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாலு பேரும் மூட்டையைச் சுற்றி நின்றார்கள்.

"இது என்ன தப்பு பண்ணுச்சு?" என்றார் மாயழகு.

"அது நம்ம கேக்குற விஷயம் இல்ல. அவங்களுக்குள்ள பழைய பகை ஏதாவது இருக்கும்" என்றார் தவசிலிங்கம்.

"எவ்வளவு அடிக்கணும்னு சொல்லலையே?"

"தண்ணி எடுத்துட்டு வர்ற வரைக்கும்னு சொன்னாருல்ல."

பெரியகருப்பு மனசில்லாமல்தான் முதல் அடியைப் போட்டார். போகப் போகக் கை சூடு பிடித்துக்கொண்டது. ஞானதுரை குடத்தோடு திரும்பி வந்தபோது, நாலு பேரும் ஆளுக்கொரு கம்பியோடு வியர்த்து வழிய நின்றிருந்தார்கள். கம்பிகள் வில்லாக வளைந்திருந்தன. துணியில் காற்று தாராளமாகப் போய் வந்தது.

"நல்லா அடிச்சாச்சு தம்பி. இனிமே அது வாலாட்டாது" என்றார் தவசிலிங்கம்.

ஞானதுரை குடத்தை இறக்கிவைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். இவருக்குச் சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று தவசிலிங்கம் எடுத்துக்கொண்டார்.

பிறகு ஞானதுரை அடுப்பு மூட்டி உலை வைத்து அரிசியைப் போட்டார். வளைந்த கம்பிகளை எப்படியாவது நிமிர்த்திப் பார்க்கலாம் என்று கிளம்பும்போது, "அண்ணே, சோத்தைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்றார்.

நாலு பேரும் பானையைச் சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள். சீனியப்பனுக்குப் புகை கண்ணில் பட்டுத் தண்ணீர் கொட்டியது. அப்படியும் அவர் முகத்தைத் திருப்பவில்லை. கண் சிமிட்ட வேண்டும் என்றால் பக்கத்து ஆளிடம் சொல்லிவிட்டுத்தான் சிமிட்டினார்கள்.

கருகல் வாடை பிடித்து ஞானதுரை ஓடிவந்தார். "பாத்துக்கங்கன்னு சொன்னேனே அண்ணே?"

"பாத்தோமே தம்பி. முதல்ல வெள்ளையா இருந்துச்சு. அப்புறம் அடியில பழுப்பாச்சு. இப்போ முழுசாக் கறுப்பு. ஒண்ணையும் விடல" என்றார் தவசிலிங்கம்.

அன்றைக்கு எல்லோரும் பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு, ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டு தூங்கினார்கள்.

காலையில் ஞானதுரை ஒரு முடிவோடு எழுந்திருந்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "அண்ணே, காட்டுல வேர் எல்லாம் வழுக்கும். நடுநடுவுல பள்ளம் இருக்கு. அதனால நான் எங்க கால் வைக்கிறேனோ, அங்கேயேதான் நீங்களும் கால் வைக்கணும். வேற எங்கேயும் வைக்கக் கூடாது. புரிஞ்சுதா?"

புரிந்தது. ஞானதுரைக்குப் பின்னால், தோளில் சீரியல் செட்டோடு பெரியகருப்பு, அவருக்குப் பின்னால் மாயழகு, சீனியப்பன், கடைசியில் எல்லோரையும் கண்காணித்துக்கொண்டு தவசிலிங்கம். ஞானதுரை ஒரு வேரில் தடுக்கித் தடுமாறினார். நாலு பேரும் வரிசையாக வந்து அதே வேரில் தடுக்கித் தடுமாறினார்கள். சீனியப்பன் முதல் தடவை சரியாகத் தடுக்காமல் தாண்டிவிட்டார். தவசிலிங்கம் அவரைத் திருப்பி அனுப்பி மறுபடி தடுக்க வைத்தார். ஞானதுரை ஒரு புதர் மறைவில் ஒதுங்கப் போனார். அங்கேயும் போனார்கள்.

"அண்ணே, இதுக்கு மட்டும் வர வேண்டாம்" என்றார் ஞானதுரை.

"உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டோம் தம்பி" என்றார் தவசிலிங்கம்.

மலையுச்சிக்குப் பாதி தூரம் இருக்கும்போது, மரத்தின் மேல் ஒரு பறவை கத்தியது. ஞானதுரை அண்ணாந்து பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். பெரியகருப்பு நிற்கவில்லை. அவர் அடுத்த காலை வைக்க வேண்டிய இடத்தில் ஞானதுரையின் கால் இருந்தது. அங்கேதானே வைக்க வேண்டும்? வைத்தார். பெரியகருப்பு தனியாகவே கிரைண்டரைத் தூக்கி லாரியில் ஏற்றுகிற ஆகிருதி உள்ளவர். ஞானதுரை "அம்மா" என்று ஒரு பக்கமாகச் சாய்ந்து, மழைத்தண்ணீர் அரித்து வைத்திருந்த பள்ளத்துக்குள் போய் விழுந்தார்.

நாலு பேரும் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்கள். மாயழகு வேட்டியை மடித்துக் கட்ட ஆரம்பித்தார்.

"எங்கே போறே?" என்றார் சீனியப்பன்.

"அவர் கால் இப்போ உள்ள இருக்கு. நாமளும் அங்கதானே கால் வைக்கணும்?"

"அதானே" என்று மற்றவர்களும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

"குதிக்காதீங்க" என்று கீழேயிருந்து ஞானதுரை கும்பிட்டார். "காலைப் பத்திச் சொன்னதை மறந்துடுங்க. எனக்குக் கணுக்கால் பிசகிடுச்சு. எந்திரிக்க முடியல. கொஞ்சம் கை கொடுங்க அண்ணே."

"பள்ளத்துல விழுந்ததுக்கா கை கொடுக்கிறது?" என்று பெரியகருப்பு மெதுவாகக் கேட்டார்.

"ஊருக்கு ஒரு வழக்கம். நாம கேலி பண்ணக் கூடாது" என்றார் தவசிலிங்கம்.

அவர் விளிம்பில் குப்புறப் படுத்து ஞானதுரையின் கையைப் பிடித்தார். ஞானதுரை முகம் மலர்ந்து எழப் பார்த்தார். தவசிலிங்கம் அந்தக் கையை நன்றாகக் குலுக்கிவிட்டு, "ரொம்ப சந்தோஷம் தம்பி" என்று விட்டுவிட்டார். அடுத்து சீனியப்பன் குலுக்கினார். பெரியகருப்பு குலுக்கியதில் தோள்பட்டையும் கொஞ்சம் பிசகியது. மாயழகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் சொல்வதையே இங்கேயும் சொன்னார்: "மென்மேலும் வளரணும்."

ஞானதுரை கண்ணை மூடிக்கொண்டார். அவர் அழுகிறாரோ என்று தவசிலிங்கத்துக்குச் சந்தேகம் வந்தது. அப்போதுதான் அவருக்கு நெஞ்சுக்குள் எதுவோ உறைத்தது. வேலை நிரந்தரமாக வேண்டிய ஆள், நம்மால் பள்ளத்தில் கிடக்கிறார்.

"தம்பி, என்ன செய்யணும்னு சொல்லுங்க. செஞ்சிடுறோம்" என்றார்.

"கயிறு இருக்கா?"

"கயிறு எப்படி இருக்கும்? நீங்க லைட்டுதானே கொண்டாரச் சொன்னீங்க."

ஞானதுரை கண்ணைத் திறந்தார். "அந்த சீரியல் செட்டைக் கழட்டுங்க. நாலு மடிப்பா முறுக்குங்க. ஒரு முனையை நாலு பேரும் கெட்டியாப் பிடிச்சுக்கங்க, இன்னொரு முனையை என்கிட்ட விடுங்க. நான் இடுப்புல கட்டுன பிறகு இழுங்க. நான் மேல வந்ததும் நிறுத்திடுங்க." இவர்களோடு ஒரு நாள் பழகியதில் எல்லாவற்றையும் சொல்லப் பழகிவிட்டிருந்தார்.

ஞானதுரை மேலே வந்து சேர்ந்தபோது, இடுப்பிலும் கழுத்திலும் கலர் பல்புகள் தொங்கத் தேர் மாதிரி இருந்தார்.

மலையுச்சியைப் பற்றி இனிப் பேச்சில்லை. ஞானதுரை நிலைமையைச் சொன்னார். "மத்தியானம் படகு வந்துடும். தண்ணி வத்துறதுக்குள்ள கிளம்பலைன்னா பாறை மேல வந்துடும், படகு நிக்காது. காத்து வேற மாறுது. இன்னைக்கு விட்டோம்னா அடுத்த படகு எப்போ வரும்னு சொல்ல முடியாது. என்னைத் தூக்கிட்டுத்தான் போகணும்."

சுமந்துவந்த மூட்டையில் கூடாரத் துணி இருந்தது. அதில் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து நாலு மூலையை நாலு பேரும் பிடித்துத் தூக்கினார்கள்.

"எந்தப் பக்கம் தம்பி?"

"பாதை ஒண்ணுதான். மூக்குக்கு நேரே போங்க."

நாலு பேரும் நகரவில்லை.

"யார் மூக்கு?" என்றார் சீனியப்பன்.

"வழி தெரிஞ்சவர் மூக்குதான்" என்றார் தவசிலிங்கம். எல்லோரும் துணிக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஞானதுரையின் மூக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அவ்வளவு உயரம் நம்மால ஆகாது" என்றார் மாயழகு.

"ஆகாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி ஒரு தடவை முயற்சி பண்ணிப் பாக்கணும்" என்று பெரியகருப்பு பக்கத்து மரத்தை அளந்து பார்த்தார்.

"என்னை நிமித்துங்க" என்றார் ஞானதுரை அவசரமாக.

அதுதான் சரியான யோசனை என்று எல்லோருக்கும் பட்டது. பெரியகருப்பின் தோளில் ஞானதுரையை உட்கார வைத்தார்கள். இப்போது மூக்கு வடக்கே பார்த்தது. வடக்கே நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும், மற்றவர்கள் வருகிறார்களா என்று ஞானதுரை திரும்பிப் பார்த்தார். "திரும்பு" என்று தவசிலிங்கம் உத்தரவு போட்டார். நாலு பேரும் திரும்பி, வந்த வழியே நடந்தார்கள். "இல்ல இல்ல" என்று ஞானதுரை தலையை ஆட்டினார். மூக்கு இடது வலது என்று போய் வந்தது. பெரியகருப்பு அத்தனை பக்கமும் போய் வந்ததில், சீனியப்பன் ஒரு மரத்தில் முட்டிக்கொண்டார்.

ஞானதுரை மூச்சை இழுத்து விட்டார். அதற்கப்புறம் கழுத்தை அசைக்கவே இல்லை. பாதை வளைகிற இடத்தில் மட்டும் மூக்கை மெல்லத் திருப்பினார். நாலு பேரும் மெல்லத் திரும்பினார்கள். ஒரு வண்ணத்துப்பூச்சி வந்து மூக்கின் மேலேயே உட்கார்ந்தது. அதையும் விரட்டாமல் சகித்துக்கொண்டார். ஒரே ஒரு இடத்தில் தும்மல் வந்து தலை குனிந்துவிட்டது. நாலு பேரும் மண்ணைத் தோண்டலாமா என்று நின்றார்கள். நல்லவேளை, மறுபடி நிமிர்ந்துவிட்டார்.

மரங்களுக்கு நடுவே கடல் தெரிந்தது. படகு நின்றுகொண்டிருந்தது. ஞானதுரையைப் படகில் ஏற்றினார்கள். அவர் படகுக்காரர் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்த சந்தோஷத்தில், கூட்டிவந்த எல்லோரிடமும் கிளம்பும்போது சொல்ல வேண்டிய வாசகத்தை இவர்களிடமும் சொல்லிவிட்டார்.

"அண்ணே, நம்ம சாமானையெல்லாம் எடுத்துக்கங்க. இங்க குப்பை எதுவும் கிடக்கக் கூடாது. நாம வந்து போன தடமே தெரியக் கூடாது."

நாலு பேரும் மணலைப் பார்த்தார்கள். கரை முழுக்கத் தடம்.

ஆளுக்கொரு இலைக்கொத்தை ஒடித்துக்கொண்டு பெருக்க ஆரம்பித்தார்கள். மாயழகு பெருக்கிய இடத்தில் சீனியப்பன் நடந்தார். சீனியப்பன் நடந்ததைப் பெருக்கப் பெரியகருப்பு வந்தார். பெரியகருப்பின் தடத்தைப் பார்த்துத் தவசிலிங்கம் ஓடிவந்தார். கரையில் முன்னைவிடத் தடம் கூடிவிட்டது. ஒரு திருவிழாக் கூட்டம் வந்து போன மாதிரி இருந்தது.

"பாறை தெரியுது, ஏறுங்க" என்று படகுக்காரர் கத்தினார்.

"கடைசி ஆளோட தடத்தை யார் பெருக்குறது?" என்று சீனியப்பன் திரும்பக் கத்தினார்.

தவசிலிங்கம் விவரமானவர் அல்லவா? அவர்தான் வழி கண்டுபிடித்தார். நாலு பேரும் ஒரே வரிசையாக நின்று, பின்பக்கமாக நடந்துகொண்டே பெருக்கி, அப்படியே இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கிப் படகுக்கு வந்து சேர்ந்தார்கள். தண்ணீரையும் கொஞ்ச தூரம் பெருக்கினார்கள்.

படகு கிளம்பியது. அடியில் பாறை உரசுகிற சத்தம் கேட்டு அடங்கியது. ஞானதுரை வலியிலும் அசதியிலும் தூங்கிப்போனார். தவசிலிங்கத்துக்கு மட்டும் நிம்மதியில்லை.

"மணல்ல தடம் போயிடுச்சு. நம்ம வாயில இருக்கே" என்றார்.

"எப்படி?" என்றார் மாயழகு.

"யாராவது தீவுக்குப் போனீங்களான்னு கேட்டா, ஆமான்னு சொல்லுவோம். சொன்னா நாம வந்து போனது தெரிஞ்சிடும். தம்பி என்ன சொன்னாரு? தெரியக் கூடாதுன்னாரு."

மூவரும் யோசித்தார்கள். யோசிக்கக் கூடாது என்று சத்தியம் செய்தது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

படகுத்துறையில் ரோஸ்லின் அம்மா காத்திருந்தார். "தீவு எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

"எந்தத் தீவும்மா?" என்றார் தவசிலிங்கம்.

"நேத்து போனீங்களே."

"நாங்க எங்கேயும் போகலையே" என்றார் சீனியப்பன். அவர் நெற்றியில் மரத்தில் முட்டிய வீக்கம் எலுமிச்சம்பழம் மாதிரி இருந்தது. வேட்டியிலிருந்து கடல்தண்ணீர் சொட்டியது.

"இந்தத் தம்பியை உங்களுக்குத் தெரியுமா?"

நாலு பேரும் ஞானதுரையைப் பாசத்தோடு பார்த்தார்கள். "இப்போதான் முதல் தடவையாப் பாக்குறோம்" என்றார் பெரியகருப்பு. அவர் தோளில்தான் ஞானதுரை உட்கார்ந்திருந்தார்.

ரோஸ்லின் அம்மா ஞானதுரையைப் பார்த்தார். அவர் கழுத்தில் இன்னும் ரெண்டு பல்பு தொங்கியது. படகுக்காரர் ஓரமாக வந்து, கரையில் தான் பார்த்ததையும் ஞானதுரை சொன்னதையும் காதோடு சொன்னார். அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"துரை, உனக்கு வேலை நிரந்தரம். இவங்களையே முழுசாக் கொண்டு வந்து சேர்த்திருக்கே. இனி நீ யாரை வேணும்னாலும் கொண்டு வருவே."

தவசிலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அறிமுகமே இல்லாத ஆளுக்காகக் கலங்கினால் சந்தேகம் வரும் என்று கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

ஊர் திரும்பிய மறுநாள், கிரைண்டர் கம்பெனியின் மேனேஜர் போன் செய்தார். தீவுப் பயணம் திருப்தியாக இருந்ததா என்று விசாரித்தார்.

"நாங்க போகவே இல்ல சார்" என்றார் தவசிலிங்கம் உறுதியாக. போனை வரிசையாகக் கைமாற்றி மற்ற மூவரும் அதையே சொன்னார்கள்.

மேனேஜர் பதறிவிட்டார். எங்கேயோ பெரிய குளறுபடி நடந்துவிட்டதாக நினைத்து, நாலு பேரிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார். அடுத்த மாதமே செலவு முழுவதையும் கம்பெனி ஏற்று, அதே தீவுக்கு, அதே வழிகாட்டியோடு அனுப்பிவைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

நாலு பேரும் ஆளுக்கொரு கிரைண்டரின் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசியில் பெரியகருப்பு பெருமூச்சு விட்டார்.

"போகாமலே இவ்வளவு நல்லா இருந்துச்சே" என்றார். "நிஜமாப் போனா எப்படி இருக்கும்?"